நாய்க்குத் தீனி வாங்கும்போது பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டிலுள்ள தராசில் ஏறுங்கள், எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு நாயை இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நாயின் எடை. தூக்க முடியாத நாயென்றால் தடுப்பூசிக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்போது அங்கேயே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எண் தெரியாமல் திருகோணமலை மத்திய வீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், பையின் முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் நாயின் படத்தைப் பார்த்துத்தான் வாங்கி வருவீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன்.

கடையில் பலர் கேட்பது "ஜேர்மன் ஷெப்பேட்டுக்கு ஒன்று தாங்கோ" அல்லது "குட்டிக்கு ஒன்று தாங்கோ" என்றுதான். இரண்டுமே பாதித் தகவல்தான். தீனியைப் பொறுத்தவரை இனத்தின் பெயரை விட, அந்த இனம் வளர்ந்து முடிந்ததும் எத்தனை கிலோ இருக்கும் என்பதே முக்கியம். வளர்ந்தபின் 10 கிலோவுக்குள் நிற்பவை சின்ன இனம். பொமரேனியன், டாஷன், பக் எல்லாம் இதில்தான் வரும். 10 முதல் 25 கிலோ வரை நடுத்தரம், நம் ஊர் நாய்கள் பெரும்பாலும் இங்கேதான். 25 கிலோவுக்கு மேல் பெரிய இனம்: லப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேட், றொட்வைலர். 45 கிலோவையும் தாண்டுகிற கிறேட் டேன் போன்றவை தனிக் கணக்கு.

எடை தெரிந்தால் வயதுக் கணக்கும் தெளிவாகிவிடும், ஏனென்றால் எல்லா நாயும் ஒரே வயதில் வளர்ந்து முடிவதில்லை. சின்ன இனம் ஏறக்குறைய 10 மாதத்தில் வளர்ந்து முடியும், நடுத்தரம் ஒரு வருடத்தில், பெரிய இனத்துக்கு 15 மாதம், மிகப் பெரியவற்றுக்கு 18 முதல் 24 மாதம். அதுவரை குட்டித் தீனிதான். "ஆறு மாதம் ஆச்சு, இனி பெரிய நாய்ச் சாப்பாடு போடலாம்" என்று லப்ரடோர் குட்டியின் உயரத்தைப் பார்த்து ஆறாம் மாதத்திலேயே மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். உயரம் வந்திருக்கும், எலும்பு இன்னும் முடிந்திருக்காது.

பெரிய இனக் குட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தீனியில் செய்கிற தவறுகளில் திருத்தவே முடியாமல் போவது இதுதான். எங்கள் வீட்டுக்கு சீசர் வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம், ஜேர்மன் ஷெப்பேட். எலும்பு பலமாக வரவேண்டும் என்று குட்டித் தீனியோடு தினமும் கல்சியம் சிரப்பும் ஊற்றினோம், கேட்டபோதெல்லாம் தட்டை நிரப்பினோம், குண்டாக இருக்கிறான் என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஐந்தாம் மாதம் முன்காலை நொண்டத் தொடங்கினான். வைத்தியர் முதலில் கேட்டதே "கல்சியம் கொடுக்கிறீங்களோ?" என்றுதான். சிரப்பை நிறுத்தி, தீனியைக் குறைத்து, எடையை இறக்கியபின் நடை ஓரளவு சரிவந்தது, ஆனால் மாரி காலக் குளிரில் அந்தக் கால் அவனுக்குக் கடைசிவரை இடைஞ்சல்தான்.

காரணம் இதுதான். சின்ன வயதுக் குட்டியின் குடலுக்கு, தேவைக்கு மேலாக வரும் கல்சியத்தை வேண்டாம் என்று தள்ளிவிடும் திறன் குறைவு, கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். அதோடு வேகமாக எடை ஏறினால், முற்றாத எலும்பும் மூட்டும் அந்தப் பாரத்தைச் சுமக்கவேண்டும். இடுப்பு மூட்டு பிசகும் பரம்பரைக் குறை ஏற்கெனவே உள்ள இனங்களில் இது இன்னும் மோசம். ஆகவே பெரிய இனக் குட்டிக்கு "லார்ஜ் பிறீட் பப்பி" என்று போட்ட தீனியைத்தான் எடுக்கவேண்டும். அமெரிக்காவில் கால்நடைத் தீனிகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, பெரிய இனக் குட்டிகளின் தீனியில் ஈரத்தைக் கழித்த கணக்கில் கல்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். கல்சியமும் பொசுபரசும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையான விகிதத்துக்குள் நிற்கவேண்டும். சரியான தீனியில் இது எல்லாம் ஏற்கெனவே கணக்குப் பார்த்துத்தான் சேர்த்திருப்பார்கள். மேலே சிரப், மாத்திரை, அவித்து இடித்த எலும்புத் தூள் ஒன்றும் வேண்டாம்.

சரி, இப்போது பையைத் திருப்புங்கள். முதலில் தேடவேண்டியது "கொம்ப்ளீட் அண்ட் பலன்ஸ்ட்" என்ற வரி, அதாவது வேறெதுவும் சேர்க்காமலே முழுமையான, சமச்சீரான சாப்பாடு. அந்த வரியின் தொடர்ச்சியில் யாருக்கு என்று இருக்கும்: "குறோத்" என்றால் வளரும் குட்டிக்கு, "மெயின்டனன்ஸ்" என்றால் வளர்ந்த நாய்க்கு, "ஓல் லைஃப் ஸ்டேஜஸ்" என்றால் எல்லா வயதுக்கும். எல்லா வயதுக்கும் என்று போட்டிருப்பது உண்மையில் குட்டிக்கான அளவுகோலை நிறைவுசெய்யும் தீனி, அதனால் சும்மா படுத்திருக்கும் நடுவயது நாய்க்கு அதைக் கொடுத்தால் எடை ஏறிவிடும். "கொம்ப்ளிமென்றறி" என்றோ "ட்றீட்" என்றோ இருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு அல்ல. இந்த வரியே இல்லாத பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்தது உள்ளடக்கப் பட்டியல். எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் எழுதுவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: முதலில் "சிக்கன்" என்று இருந்தால் அது பச்சைக் கோழியின் எடை, அதில் முக்கால்வாசிக்குக் கிட்டத் தண்ணீர். "சிக்கன் மீல்" என்றால் தண்ணீர் போன காய்ந்த தூள், அதே எடைக்குப் புரதம் பல மடங்கு. ஆகவே மீல் என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை, எந்த விலங்கின் மீல் என்று பெயர் சொல்லியிருந்தால் போதும். சோளம், சோள மாவு, சோளத் தவிடு என்று ஒரே தானியத்தைத் துண்டு துண்டாக எழுதியிருந்தால் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள். "சிக்கன் ஃபிளேவர்" என்பது வாசம் மட்டுமே.

தானியம் இல்லாத தீனிதான் உயர்ந்தது என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நாய்கள் மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து மாப்பொருளைச் செரிக்கும் மரபணுவில் ஓநாயை விட முன்னேறியவை, 2013இல் வந்த மரபணு ஆய்வு அதைக் காட்டியது. மறுபக்கம், பருப்பும் பட்டாணியும் நிறைத்த தானியமில்லாத தீனிகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. நாய் சொறிந்தால் உடனே "தானிய ஒவ்வாமை" என்று முடிவுகட்டவும் வேண்டாம். நம் ஊரில் முதலில் பார்க்கவேண்டியது தெள்ளும் உண்ணியும். உணவு ஒவ்வாமை என்று உறுதியானாலும் மாட்டிறைச்சி, பால், கோழிதான் தானியத்தை விட அடிக்கடி காரணமாகின்றன.

பிறகு சதவீதங்கள். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள்) என்று எழுதியிருப்பார்கள். ஆஃப்கோ கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது புரதம் 18, கொழுப்பு 5.5, குட்டிக்குப் புரதம் 22.5, கொழுப்பு 8.5. இவையும் ஈரத்தைக் கழித்த கணக்குத்தான். பக்கற்றில் வரும் ஈரத் தீனியில் புரதம் 8 என்று பார்த்துவிட்டுக் குறைவு என்று வைத்துவிடாதீர்கள்: அதில் ஈரம் 78 என்றால் காய்ந்த பொருள் 22 மட்டும், 8ஐ 22ஆல் வகுத்தால் 36 சதவீதம். புரதம் 20, ஈரம் 10 என்று போட்ட உலர் தீனியில் 20ஐ 90ஆல் வகுத்தால் 22தான் வரும், அதாவது குட்டிக்கு மட்டுமட்டாகக் கூடக் காணாது.

எவ்வளவு போடுவது என்பதற்குப் பையில் ஓர் அட்டவணை இருக்கும், அது தாராளமான அட்டவணை. நான் கணக்குப் பார்ப்பது இப்படி. நாயின் எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள், அதுதான் சும்மா படுத்திருந்தாலே அதற்கு வேண்டிய கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாயென்றால் அதை 1.6ஆல் பெருக்குங்கள், செய்யாததென்றால் 1.8ஆல், நான்கு மாதத்துக்குள் குட்டியென்றால் 3ஆல், அதற்கு மேல் வளர்ந்து முடியும்வரை 2ஆல். எங்கள் ஜிம்மி ஊர் நாய், 18 கிலோ, கருத்தடை செய்தது: 540உம் 70உம் 610, அதை 1.6ஆல் பெருக்க 976 கலோரி. பையில் 100 கிராமுக்கு 330 கலோரி என்று இருந்தால் நாளொன்றுக்கு 295 கிராம் அளவில். 2 கிலோவுக்குக் கீழேயும் 45 கிலோவுக்கு மேலேயும் இந்தக் கணக்கு சரிவராது, அதற்கு வைத்தியரைக் கேளுங்கள். கலோரி போடாத பை இருந்தால், புரதத்தையும் மாப்பொருளையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி வரும். மாப்பொருள் என்பது 100இலிருந்து மற்ற எல்லாச் சதவீதத்தையும் கழித்த மிச்சம்.

விலையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 2022க்குப் பிறகு இறக்குமதித் தீனியின் விலையைப் பார்த்துப் பலர் கிலோ மலிவானதைத் தேடுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் கிலோ 1,200 ரூபாய்த் தீனியில் 100 கிராமுக்கு 300 கலோரி, கிலோ 1,500 ரூபாய்த் தீனியில் 390 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 780 கலோரி வேண்டிய நாய்க்கு முதலாவதில் 260 கிராம், 312 ரூபாய். இரண்டாவதில் 200 கிராம், 300 ரூபாய். பெடிகிறியோ, ஸ்மார்ட் ஹார்ட்டோ, ட்றூல்ஸோ, றோயல் கெனினோ, எந்தப் பையை எடுத்தாலும் ஒரு நாளுக்கு என்ன விலை என்றுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரே இனத்துக்கென்று தனியாக வரும் தீனி தேவையா என்று கேட்பார்கள். வசதி இருந்தால் வாங்கலாம், உருண்டையின் வடிவமும் கலோரியும் அந்த இனத்தின் வாய்க்கும் உடம்புக்கும் பொருத்தமாகச் செய்திருப்பார்கள், ஆனால் எடைக்கும் வயதுக்கும் சரியான சாதாரணத் தீனி கிடைத்தால் அதுவே போதும். இனத்தின் பலவீனத்தைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அதை விடப் பயன். லப்ரடோர் எப்போதும் பசியோடு பார்க்கும். அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கும் செய்தியை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் கண்ணைப் பார்த்து இரங்காமல் தீனியைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். 48 லப்ரடோர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒப்பிடுவதற்காகச் சோடி சேர்த்த நாயை விடக் காற்பங்கு குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. டாஷனுக்கு எடை ஏறினால் முதலில் போவது முதுகு. பொமரேனியனுக்குப் பற்களும் மூச்சுக்குழாயும் பலவீனம், அதன் குட்டி பல மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கி விழும், அதனால் மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை. மற்றக் குட்டிகளுக்கும் அந்த வயதுவரை நான்கு வேளை நல்லது, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. ஜேர்மன் ஷெப்பேட் போல ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்க்கு ஒரே நேரத்தில் முழுச் சாப்பாட்டையும் போட்டு, உடனே கடற்கரைக்கு ஓடவிடாதீர்கள். வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வயதான நாய்க்கு வருவோம். பெரிய இனம் 7 வயதில் முதுமைக்குள் வரும், சின்ன இனத்துக்கு 10, 11 ஆகலாம். "சீனியர்" என்று பையில் எழுதுவதற்கு ஆஃப்கோவில் தனி அளவுகோல் கிடையாது, ஆளுக்கொரு மாதிரிச் செய்கிறார்கள். கிழட்டு நாய்க்குப் புரதத்தைக் குறைக்கவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும்தான் அந்தப் பேச்சு. மற்றபடி தசை கரைகிற வயதில் நல்ல புரதம்தான் வேண்டும், குறைக்கவேண்டியது கலோரி. ஆகவே ஒரு இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டுத் தீனியை மாற்றுங்கள். பல் விழுந்ததென்றால் உருண்டையை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். சினையாக இருக்கும் நாய்க்குக் கடைசி மூன்று வாரமும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் குட்டித் தீனியைப் போடுங்கள். உப்புவெளிக் கரையில் குட்டி போட்டுக் கிடக்கும் தெருநாய்க்கு ஏதாவது கொடுக்க நினைக்கிறவர்களும் பாணை விட்டு அதைக் கொடுத்தால் பெரிய புண்ணியம்.

நம் வீடுகளில் கடைத் தீனி மட்டும் போடுவது அரிது, சோறும் மீனும் கட்டாயம் தட்டில் சேரும். தட்டில் சேரும் வெளிச் சாப்பாடு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. குட்டிக்கு நான் அதை அப்படியே கடைப்பிடிப்பேன். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்குக் காற்பங்கு வரை போகலாம் என்பது என் அனுபவம், ஆனால் அந்தக் கலோரியைத் தீனியில் கழித்துவிட வேண்டும். ஜிம்மிக்கு 100 கிராம் சோறு, 100 கிராம் அவித்த மீன் கொடுத்தால் ஏறக்குறைய 240 கலோரி, அன்றைக்குத் தீனி 295 அல்ல, 223 கிராம்தான். மீனை உப்புப் போடாமல் அவித்து முள் எடுத்துக் கொடுங்கள். சூடை மீனும் கீரி மீனும் மலிவாகக் கிடைக்கிற நாட்களில் இதை விட நல்ல சேர்க்கை இல்லை. கருவாடு வேண்டாம், உப்பு. சொதியும் குழம்பும் ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

கடைசியாக, வாங்கியதைக் கெடாமல் வைப்பது. எங்கள் பக்கத்தில் இதுவும் தீனியைத் தெரிவுசெய்வதில் ஒரு பகுதிதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே அனலடிக்கும், மாரியில் எல்லாம் பிசுபிசுக்கும். சூட்டில் தீனியின் கொழுப்புக் காறிப்போகும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளடொக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சூடாக்கினாலும் அது போகாது. அதனால் பெரிய மூடையைத் திறந்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கட்டித் தரும் சில்லறைத் தீனியை வாங்காதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கிய இரண்டு கிலோவில் பழைய எண்ணெய் வாசம் அடித்தது, நாய்க்கு என்ன தெரியும் என்று போட்டுவிட்டோம், ஜிம்மிக்கு மூன்று நாள் வயிற்றோட்டம். அது எப்போது திறந்த மூடை, எந்தத் திகதிக்குரியது என்று கடைக்காரருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் முடியும் அளவு சீல் வைத்த பையாக வாங்குங்கள். உற்பத்தித் திகதியையும் காலாவதித் திகதியையும் பாருங்கள், கடையின் வெயில் படும் கண்ணாடியோரம் அடுக்கிய பையை விட்டு உள்ளே இருப்பதைக் கேளுங்கள். வீட்டில் வாளிக்குள் கொட்டாமல், பையோடேயே மூடியுள்ள தகர டின்னுக்குள் இறக்கி வையுங்கள், வாளியின் ஓரத்தில் படியும் பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். ஊறவைத்த தீனியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடவேண்டாம்.

புதுத் தீனிக்கு மாறும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் காற்பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுவதும். மலம் இறுகி வடிவாக வந்தால் ஒத்துப்போகிறது என்று அர்த்தம், நாளுக்கு நான்கைந்து தடவை தளர்வாகப் போனால் செரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ, அப்படித் தட்டுப்பட்டால் சரி. முஷ்டி மடக்கிய கையின் முட்டிபோல் துருத்தினால் மெலிவு, பத்து வீதம் கூட்டுங்கள். உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் பத்து வீதம் குறையுங்கள், அடுத்த மாதம் அதே நாளில் மறுபடி தராசில் ஏற்றுங்கள்.